வழக்கை நம்பி வாங்கும் முன்பணம்: வாசகர் கேள்விகளும் சட்டப் பதில்களும்

விபத்தில் காயமடைந்து இழப்பீட்டு வழக்குத் தொடுத்தவர்களுக்கு, தீர்ப்போ சமரசமோ வருவதற்கு முன்பே பணம் கொடுத்து, பின்னர் கிடைக்கும் இழப்பீட்டிலிருந்து அதைக் கட்டணத்துடன் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இயங்கிவருகின்றன; இந்தத் தொழிலை வழக்கு நிதி என்பார்கள். அங்கே வாழும் வாசகர்களும் இங்கிருக்கும் அவர்களது உறவினர்களும் இதைக் குறித்து அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பலரும் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விடுத்து ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: என் கணவர் சென்ற ஆண்டு கார் விபத்தில் முதுகெலும்பில் காயமடைந்து வேலைக்குப் போக முடியாமல் இருக்கிறார். எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் இழுத்தடிக்கிறது. எங்களுக்கு வீட்டு வாடகைக்கே தட்டுப்பாடு. ஒரு நிறுவனம் 5,000 டாலர் தருவதாகச் சொல்கிறது. வழக்குத் தோற்றால் ஒரு காசும் திருப்பித் தர வேண்டாமாம், இது கடனே அல்லவாம். வாங்கலாமா ஐயா?
— வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: வழக்குத் தோற்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பது பொதுவாக உண்மையே. இந்த வகை ஒப்பந்தங்களில் நிறுவனத்தின் உரிமை உங்கள் கணவரின் இழப்பீட்டோடு நின்றுவிடும். உங்கள் சம்பளத்தின் மீதோ, வீட்டின் மீதோ, வங்கிக் கணக்கின் மீதோ அது கை வைக்க முடியாது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது தோற்றால் என்ன ஆகும் என்பதைவிட, வென்றால் உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பதைத்தான். நிறுவனங்கள் விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் பணம் தருவதில்லை. எதிர்த்தரப்பின் தவறு தெளிவாக இருந்து, காப்பீடும் போதிய அளவில் இருந்து, வழக்கறிஞர் அமர்த்தப்பட்டிருக்கும் வழக்குகளையே அவை தேர்ந்தெடுக்கின்றன. உங்களுக்குப் பணம் தர ஒரு நிறுவனம் முன்வருகிறது என்றால், அந்த வழக்கில் இழப்பீடு கிடைக்கும் என்று அது தன் அளவில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டது என்று பொருள்.

மாதம் 3 சதவீதம் என்று காகிதத்தில் எழுதியிருந்தால் அது பெரிய தொகையாகத் தோன்றாது. அதையே மாதந்தோறும் கூட்டுவட்டியாகப் போட்டால், 5,000 டாலர் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 10,160 டாலராகவும், மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 14,490 டாலராகவும் வளர்ந்துவிடும். மூன்று ஆண்டுகள் கழித்து வழக்கு 40,000 டாலருக்குச் சமரசமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞருக்கு மூன்றில் ஒரு பங்காக 13,333 டாலர் போகும். மருத்துவ அறிக்கை, சாட்சி, நீதிமன்றச் செலவுகளுக்கு 3,000 டாலரும், மருத்துவமனைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர வேண்டிய பாக்கியாக 9,000 டாலரும் கழிந்தால் மீதி 14,667 டாலர். அதிலிருந்து முன்பணம் தந்த நிறுவனம் தன் 14,490-ஐ எடுத்துக்கொண்டபின், முதுகு உடைந்தவருக்கு மிஞ்சுவது இருநூறு டாலருக்கும் குறைவு. இவை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்த எண்கள்தாம் என்றாலும், செலவுகள் கழியும் வரிசை இதுவே.

நீங்கள் இருக்கும் மாநிலத்தில் உங்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. இல்லினாயில் 2022-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நுகர்வோர் வழக்கு நிதிச் சட்டத்தின்படி, நிறுவனம் மாநில அரசின் நிதி மற்றும் தொழில்முறை ஒழுங்குமுறைத் துறையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். கொடுத்த தொகையின் மீது ஆறு மாதத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் கட்டணம் வசூலிக்கக் கூடாது. 42 மாதங்களுக்குப் பிறகு கட்டணம் ஏறக் கூடாது. ஆறு மாதத்துக்கு 18 சதவீதம் என்பதும் மாதம் 3 சதவீதம்தான். ஆனால் வட்டிக்கு வட்டி இல்லாததால், அதே 5,000 டாலர் மூன்று ஆண்டுகளில் 10,400 டாலராகவும், எத்தனை ஆண்டு இழுத்தாலும் 11,300 டாலராகவும் நின்றுவிடுகிறது. இதுவும் பெருந்தொகையே. உங்கள் கணவருக்கு மிஞ்சக்கூடியது என்ன என்று வழக்கறிஞரிடம் மேற்சொன்ன முறையில் ஒரு கணக்கு எழுதி வாங்குங்கள். மருத்துவமனையின் பாக்கியைத் தள்ளிவைக்க முடியுமா, உங்கள் சொந்தக் கார்க் காப்பீட்டில் மருத்துவச் செலவுக்கான பிரிவு உள்ளதா, கடன் சங்கத்தில் சிறு கடன் கிடைக்குமா என்பவற்றையெல்லாம் விசாரித்து, அதன் பிறகும் வழியில்லை என்றால் மட்டும், 5,000 டாலர் தருகிறேன் என்றாலும் வாடகைக்குத் தேவையான தொகையை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: திருப்பித் தரும் கட்டாயம் இல்லாத பணத்தைக் கடன் என்று எப்படிச் சொல்ல முடியும்? கடன் இல்லையென்றால் வட்டிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் அதற்கு எப்படிப் பொருந்தும்? அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் என்ன முடிவுக்கு வந்திருக்கின்றன?
— சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

பதில்: ஒரே முடிவுக்கு வரவில்லை, எந்த மாநிலத்தின் எந்தச் சட்டத்தை முன்வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறியிருக்கிறது. மூன்று தீர்ப்புகளைப் படித்தால் பிரச்சினையின் வடிவம் உங்களுக்குப் புலப்படும்.

ஓஹையோ மாநில உச்ச நீதிமன்றத்துக்கு 2003-இல் வந்த வழக்கில், கார் விபத்தில் காயமடைந்த ஒரு பெண்மணி 6,000 டாலர் வாங்கியிருந்தார். வழக்கு ஓராண்டுக்குள் முடிந்தால் 16,800 டாலர், ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்தால் 22,200 டாலர், இரண்டு ஆண்டுக்குள் முடிந்தால் 27,600 டாலர் தருவது என்பது பேச்சு. நீதிமன்றம் இந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. பிறர் வழக்கில் பங்கு பேசிப் பணம் போடுவதைத் தடுக்கும் ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் பழைய விதியே அதற்கு அடிப்படை. ஆனால் பழைய விதியை எடுத்துச் சொன்னதோடு தீர்ப்பு நின்றுவிடவில்லை. வழக்கறிஞரின் பங்கும் நிறுவனத்தின் 16,800 டாலரும் போனால், சிறு தொகைக்கான எந்தச் சமரசத்திலும் அந்தப் பெண்மணிக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதை நீதிமன்றம் கணக்கிட்டுக் காட்டியது. நியாயமான சமரசம் வந்தாலும் அதை ஏற்க வழக்காளிக்குக் காரணமே இருக்காது. அவர் வழக்கை இழுக்க வேண்டியவராகிவிடுகிறார். என் பார்வையில் இந்தத் துறையைப் பற்றி எழுதப்பட்ட தீர்ப்புகளில் மிகக் கூர்மையான பகுதி இதுதான். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2008-இல், ஓஹையோ சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றி இந்தத் தொழிலுக்கு மீண்டும் கதவைத் திறந்துவிட்டது. விவரங்களை வெளிப்படையாக எழுத வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் உண்டு. கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லை.

கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் 2015 நவம்பரில் வேறு வழியில் சென்றது. இழப்பீடு போதாதபோது மீதியைக் கட்ட வேண்டியதில்லை என்பதாலேயே ஒரு பரிவர்த்தனை கடன் அல்லாமல் போய்விடாது என்றும், காலம் கூடக்கூடக் கட்டணம் கூடும் இந்த முன்பணம் அந்த மாநிலத்தின் நுகர்வோர் கடன் சட்டத்துக்கு உட்பட்ட கடனே என்றும் அது தீர்ப்பளித்தது. ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றமோ 2018-இல், திருப்பித் தருவது வழக்கின் வெற்றியைப் பொறுத்தே நிற்பதால், சம்பள நாள் கடன்களையும் (அடுத்த சம்பளம் வரும்வரை தரப்படும் குறுகியகாலக் கடன்கள்) சிறு கடன்களையும் கட்டுப்படுத்தும் தன் மாநிலச் சட்டங்கள் இதற்குப் பொருந்தா என்றது.

பெயரைப் பற்றிய இந்த வாதத்தில் கொலராடோவின் பக்கமே எனக்கு நியாயமாகப் படுகிறது. உண்மையான முதலீட்டாளருக்குக் கிடைக்கும் பங்கு வெற்றியின் அளவைப் பொறுத்துக் கூடும் அல்லது குறையும். இங்கே நிறுவனத்துக்குச் சேர வேண்டியதோ நாள்களை எண்ணி ஏறுகிறது. நாளை எண்ணி ஏறுவதை வட்டி என்றுதான் நாம் எல்லோரும் அறிவோம். இருந்தாலும், கடன்பட்டவரைக் காப்பது இந்தப் பெயரைப் பொறுத்திருக்கும்வரை, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒருவர் தன் செலவில் உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் பாதுகாப்புப் பெற முடியும். கடன் என்றோ விற்பனை என்றோ எப்படி அழைத்தாலும் பொருந்தும்படி சட்டமன்றங்களே விதி எழுத வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வட்டிக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? அப்படி வைத்தால் நிறுவனங்கள் ஓடிவிடும், ஏழைகளுக்கு உள்ளதும் போய்விடும் என்று என் மகன் சொல்கிறான். யார் சொல்வது சரி?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் வரம்பை எதன் மீது வைக்கிறோம் என்பதில்தான் விடை உள்ளது.

ஆண்டு வட்டிக்கு வரம்பு வைத்த மாநிலங்கள் பல. ஆர்கன்சா 2015-இல் 17 சதவீதம் என்றது. மேற்கு வர்ஜீனியா 2019-இல் 18 சதவீதம் என்றது. அதே ஆண்டு நெவாடா 40 சதவீதம்வரை அனுமதித்தது. இந்தியானா 2016-இல் 36 சதவீதம் என்று வைத்து, அதற்கு மேல் ஆண்டுக்கு 7 சதவீதம் சேவைக் கட்டணத்துக்கும் தனியாக ஆவணக் கட்டணத்துக்கும் இடம் கொடுத்தது. இந்த இந்தியானா ஏற்பாட்டைப் பார்த்தால் வங்கி அனுபவமுள்ள தங்களுக்கு உடனே விளங்கும்: வட்டி என்ற தலைப்பில் வரம்பு வைத்துவிட்டு வேறு தலைப்புகளில் வசூலிக்க விட்டால், வரம்பின் பயன் பாதி போய்விடுகிறது.

வழக்கு நிதிக்கென்று தனி வரம்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குக் கென்டக்கியிலிருந்து வந்த ஒரு வழக்கு சான்று. பெட்ரோல் கேன் வெடித்துத் தீக்காயமடைந்த ஒருவர், உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுத்துவிட்டு, சில தவணைகளில் மொத்தம் 30,000 டாலர் முன்பணம் வாங்கினார். மாதத்துக்கு 4.99 சதவீதம், அதுவும் கூட்டுவட்டி. வழக்கு முடிந்தபோது நிறுவனம் கேட்ட தொகை 3,40,000 டாலருக்கும் மேல். அந்த ஒப்பந்தங்கள் கென்டக்கி சட்டப்படி செல்லா என்று கீழ் நீதிமன்றம் கூறியதைக் கூட்டாட்சியின் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்தது. அவர் தப்பினார்; ஆனால் அதற்காக அவர் தன் விபத்து வழக்குக்கு மேல் இன்னொரு வழக்கையும் நடத்த வேண்டியிருந்தது.

தங்கள் மகன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. தோற்ற வழக்கில் நிறுவனம் முதலையே இழக்கிறது. எனவே அடமானக் கடனுக்குரிய வட்டியில் இந்தத் தொழிலை நடத்த முடியாது என்பது நியாயமான வாதம். பணம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். வேலையிழந்து, வாடகை பாக்கி வைத்து, மருத்துவமனைக் கட்டணத்துக்கு மிரட்டல் கடிதம் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், அவருடைய காயத்தின் மதிப்பில் கால்வாசியைக் காப்பீட்டு நிறுவனம் நீட்டினால், அவர் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். காத்திருக்க முடியாதவர்களின் வறுமையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வது காப்பீட்டு நிறுவனங்களின் பழைய வழக்கம். வழக்கு நிதிக்கு வரம்பு வேண்டும் என்று சட்டமன்றங்களில் உரக்கக் கேட்பவர்களில் காப்பீட்டு நிறுவனங்களும் பெருவணிகச் சங்கங்களும் முன்னணியில் இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்பதாலேயே வரம்பு தவறாகிவிடாது. ஆனால் காயம்பட்டவருக்காக எழுதப்பட்ட விதி எது, அவரைப் பட்டினி போட்டுச் சமரசத்துக்கு இழுத்துவரும் விதி எது என்று பிரித்தறிய வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு.

ஆகவே வரம்பை முதன்மையாக இழப்பீட்டின் மீது வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மொன்டானா 2023-இல் இயற்றிய சட்டம், வழக்குக்குப் பணம் போட்டவர் கிடைக்கும் மொத்தத் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் பெற முடியாது என்கிறது. இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: வழக்கு எவ்வளவு தாமதமானாலும், எத்தனை சதவீத வட்டி எழுதியிருந்தாலும், காயம்பட்டவரின் பங்கை முழுவதுமாக விழுங்க முடியாது. சமரசத் தொகை குறைந்தால் நிறுவனத்தின் பங்கும் குறைவதால், ஓஹையோ நீதிமன்றம் 2003-இல் சுட்டிக்காட்டிய தீங்கும் பெருமளவு நீங்குகிறது. இதனோடு இல்லினாய் வைத்ததுபோல் கட்டணம் ஏறுவதற்கு ஒரு கால எல்லையும், கூட்டுவட்டிக்கு முழுத் தடையும், வேறு எந்தப் பெயரிலும் தனிக் கட்டணம் கூடாது என்ற விதியும் சேர்ந்தால், ஆண்டு வட்டி 17 சதவீதமா 40 சதவீதமா என்ற சண்டையின் சூடு தானாகவே தணியும். வழக்கை இழுத்தடித்ததால் ஏற்படும் சுமையை, இழுத்தடிப்பில் எந்தப் பங்கும் இல்லாத காயம்பட்டவரின் தலையில் கட்டுவது எந்த நியாயத்திலும் சேராது.

விவரங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்கினாலே போதும் என்று சில மாநிலங்கள் நினைப்பதை நான் ஏற்கவில்லை. நாளை வீட்டைக் காலி செய்ய வேண்டியவர் எத்தனை பெரிய எழுத்தைப் படித்தாலும் கையெழுத்துப் போடத்தான் செய்வார்.

கேள்வி: என் அக்கா மகனின் விபத்து வழக்கை நடத்தும் வழக்கறிஞரே ஒரு நிதி நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அங்கே போய் வாங்கிக்கொள் என்கிறார். அவரே கொஞ்சம் பணம் கொடுத்து உதவக் கூடாதா? பணம் வாங்கினால் வழக்கை எப்போது முடிப்பது என்பதை அந்த நிறுவனம் தீர்மானிக்குமா?
— வாசகர், கொலம்பஸ், ஓஹையோ

பதில்: வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் வாடகைக்கோ சாப்பாட்டுக்கோ கடன் கொடுப்பதை அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி ஒழுக்க விதி தடுக்கிறது. நீதிமன்றக் கட்டணத்தையும் வழக்குச் செலவையும் மட்டும் அவர் முன்னால் போடலாம். கட்டணமே வாங்காமல் வறியவர்களுக்கு வழக்கு நடத்துபவர்கள் சிறு அன்பளிப்பாகச் சாப்பாடு, வாடகை போன்றவற்றுக்கு உதவ 2020-இல் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது; பங்கு பேசி நடத்தும் சாதாரண விபத்து வழக்குக்கு அது பொருந்தாது. வழக்கறிஞருக்கு இந்தத் தடை இருப்பதால் விழுந்த இடைவெளியில்தான் வழக்கு நிதித் தொழில் வளர்ந்தது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்வதே குற்றமல்ல. ஆனால் அனுப்பியதற்காக அவர் தரகு வாங்குகிறாரா, அந்த நிறுவனத்தில் அவருக்கோ அவருடைய குடும்பத்துக்கோ பங்கு இருக்கிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கட்சிக்காரரின் நலனே தன் ஒரே நலன் என்று நடந்துகொள்ள வேண்டியவருக்கு, கட்சிக்காரர் கடன் வாங்குவதில் ஒரு டாலர் ஆதாயம் இருந்தாலும் அது முரண்தான். தரகை முற்றாகத் தடை செய்யும் விதி, வழக்கு நிதியைப் பற்றி இயற்றப்படும் எந்தச் சட்டத்திலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். வழக்கறிஞருக்கு மட்டுமன்றி, மருத்துவர்களுக்கும் அது பொருந்த வேண்டும்.

வழக்கைப் பற்றிய முடிவுகளில் தலையிட எந்த உரிமையும் தனக்கில்லை என்று நிறுவனம் ஒப்பந்தத்திலேயே எழுதித்தர வேண்டும் என்று ஓஹையோவின் 2008 சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஐந்து வேலை நாள்களுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையும் அதில் உண்டு. ஆகவே சட்டப்படி முடிவு தங்கள் அக்கா மகனுடையது. ஆனாலும் பாக்கி ஏறிக்கொண்டே போகும்போது, வந்த விலைக்கு முடித்துவிடலாம் என்றோ, கைக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால் இன்னும் போராட வேண்டும் என்றோ அவர் மனம் அலைபாயும். அதனால் ஒவ்வொரு சமரசப் பேச்சின்போதும் அன்றைய தேதியில் நிறுவனத்துக்குச் சேர வேண்டிய தொகையை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு ஒரு கூட்டு வழக்கில் இழப்பீடு உறுதியாகிவிட்டது, பணம் வருவதற்கு இன்னும் பல மாதங்கள் ஆகும் என்கிறார்கள். அதற்குள் ஒரு நிறுவனம் தொலைபேசியில் அழைத்து முன்பணம் தருகிறேன் என்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.
— வாசகி, குவீன்ஸ், நியூயார்க்

பதில்: உங்கள் அம்மாவின் நிலை மற்றவர்களிடமிருந்து வேறுபட்டது. இழப்பீடு உறுதியான பிறகு நிறுவனம் ஏற்கும் இடர் மிகச் சிறியது. பணம் கொஞ்சம் தாமதமாக வரலாம், அவ்வளவுதான். தோற்கும் வாய்ப்புக்காகவே அதிகக் கட்டணம் என்று நிறுவனங்கள் சொல்லும் காரணம் இங்கே செல்லாது. 2017 பிப்ரவரியில் கூட்டாட்சி நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலும் (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) சேர்ந்து, நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது இதே நிலையில் இருந்தவர்களுக்காகத்தான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் மீட்புப் பணியில் நோயுற்று இழப்பீட்டுக்குத் தகுதி பெற்றவர்களும், தலைக்காயத்தால் மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர்களும் தமக்கு உறுதியாகிவிட்ட பணத்தின் பேரில் முன்பணம் வாங்கியிருந்தார்கள். சிலரிடம் ஆண்டுக்கு 250 சதவீதம்வரை வசூலிக்கப்பட்டதாகப் புகாரில் கூறப்பட்டது. நினைவு தடுமாறும் நோயாளிகளிடம் இப்படி ஒப்பந்தம் போட்டார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான கோபம் இன்னும் ஆறவில்லை.

மொழியைப் பொறுத்தவரை, நியூயார்க்கில் ஒரு முன்னோடி ஏற்பாடு உண்டு. அப்போதைய அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் 2005-இல் இந்தத் துறை நிறுவனங்களின் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், கட்டணங்களைத் தனித்தனியாகவும், திருப்பித் தர வேண்டிய மொத்தத்தை முன்கூட்டியும் எழுத வேண்டும் என்பதோடு, ஆங்கிலமோ ஸ்பானிஷோ தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு முக்கிய நிபந்தனைகளை அவர்கள் மொழியில் எழுத்தில் பெயர்த்துத் தர வேண்டும் என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. எனவே தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். தர மறுத்தாலோ, தொலைபேசியிலேயே சம்மதம் வாங்கப் பார்த்தாலோ, அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், இழப்பீடு உறுதியான வழக்கில் இந்த முன்பணத்தை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் மோட்டார் வாகன விபத்து வழக்குப் போட்டவர்களுக்கு ஒருவர் பணம் கொடுத்து, இழப்பீட்டில் பாதியை வாங்கிக்கொள்கிறார். இந்தியாவில் இதற்கு இடமுண்டா?
— வாசகர், மதுரை

பதில்: அமெரிக்காவைப் போன்ற நிறுவனத் தொழிலாக இது இங்கே வளரவில்லை, தனிச்சட்டமும் இல்லை. பிறர் வழக்குக்குப் பணம் போட்டுப் பங்கு பெறுவதை ஆங்கிலேய விதியைக் காட்டி இந்தியாவில் செல்லாது என்று கூற முடியாது என்று அன்றைய இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1876-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு, அந்த ஏற்பாடு வழக்காளியைச் சுரண்டுவதாகவும் மனசாட்சிக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் நீதிமன்றம் அதை நிறைவேற்றித் தராது என்றும் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வெளிநாட்டு வழக்கறிஞர் நிறுவனங்கள் பற்றிய வழக்கில், வழக்கறிஞர் அல்லாத மூன்றாம் நபர் வழக்குக்குப் பணம் தந்து முடிவுக்குப் பின் திரும்பப் பெறுவதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் குறிப்பிட்டது. வழக்கறிஞருக்கோ இரண்டு கதவுகளும் மூடியிருக்கின்றன: இழப்பீட்டில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதையும், வழக்குக்காகக் கட்சிக்காரருக்குக் கடன் கொடுப்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன.

பாதியைக் கேட்பவர் விஷயத்தில், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் புரோநோட்டும் தொகை நிரப்பாத காசோலையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் பணம் தருகிறார்கள். அப்படியானால் வழக்குத் தோற்றாலும் கட்ட வேண்டிய வெறும் கடன் அது. வட்டி அரசு நிர்ணயித்த அளவைத் தாண்டினால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் பாயும். மூன்று ஆண்டுவரை சிறையும் 30,000 ரூபாய்வரை அபராதமும் அதில் உண்டு. இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் தொகையின் பெரும் பகுதியை வங்கியில் நீண்டகால வைப்பாகப் போடச் சொல்வதும், அந்த வைப்பின் பேரில் கடன் தரக் கூடாது என்று உத்தரவில் எழுதுவதும், பாதிக்கப்பட்ட குடும்பத்திடமிருந்து இப்படிப்பட்டவர்கள் பணத்தைப் பறிக்காமல் இருப்பதற்காகத்தான். வழக்கு நடத்தவே பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானத்தைப் பாராமலே இலவச உதவி உண்டு.

கேள்வி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. பாக்கி வேகமாக ஏறுகிறது. இன்னொரு நிறுவனம் பழைய பாக்கியை அடைத்துவிட்டு மேற்கொண்டும் பணம் தருவதாகச் சொல்கிறது. இனி என்ன செய்வது?
— வாசகர், அட்லான்டா, ஜார்ஜியா

பதில்: இரண்டாவது நிறுவனத்திடம் போகாதீர்கள். பழைய பாக்கியில் ஏற்கெனவே ஏறிய கட்டணம் அங்கே முதலாக மாறி, அதன் மீது புதிதாகக் கட்டணம் ஏறத் தொடங்கும். கூட்டுவட்டியைத் தடை செய்த மாநிலத்தில்கூட இந்த வழியில் அது உள்ளே வந்துவிடுகிறது. இப்படிக் கைமாறும்போது பழைய கட்டணத்தை முதலில் சேர்க்கக் கூடாது என்ற விதி எல்லா மாநிலச் சட்டங்களிலும் வர வேண்டும்.

ஒப்பந்தத்தையும் அன்றைய பாக்கிக் கணக்கையும் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சமரசத் தொகை சிறியதாக இருக்கும்போது, முழுப் பாக்கியையும் வற்புறுத்தினால் சமரசமே நடக்காது என்பதால், நிறுவனங்கள் தம் தொகையைக் குறைத்துக்கொள்வதுண்டு. ஆனால் சமரசத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இதைப் பேசி, குறைத்த தொகையை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பின்னர் கேட்டால் நடக்காது. ஜார்ஜியாவில் 2025 ஏப்ரலில் கையெழுத்தான புதிய சட்டம், இந்த நிறுவனங்கள் மாநில வங்கி மற்றும் நிதித் துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், வழக்கை நடத்துவதில் தலையிடக் கூடாது என்றும் கூறி, 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையில் இருக்கும்படி இயற்றப்பட்டது. உங்கள் ஒப்பந்தத்தின் தேதிக்கு அது பொருந்துமா என்பதையும் வழக்கறிஞரிடமே கேளுங்கள். கணக்குத் தர மறுத்தாலோ, ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணம் சேர்த்திருந்தாலோ, மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் ஒப்பந்தத்தின் நகலோடு புகார் கொடுக்கலாம்; அதற்குக் கட்டணம் இல்லை.